கேப்பைப் பக்கோடா

ஞாயிறு, கிளியனூர்.

வலது கை வீங்கியிருக்கிறது. பேனாவைச் சரியாகப் பிடிக்க முடியவில்லை.

புது பைக் வாங்கியதற்காக கிரிக்கெட் டீம் பசங்களை முதல்முறையாக வீட்டுக்குக் கூப்பிட்டேன். கேப்பை மாவில் வெங்காயமும் முருங்கைக்கீரையும் போட்டு நானே பிசைந்தேன். அம்மா பக்கோடாவாகப் போட்டு எடுத்தாள். எல்லோரும் அடித்துப் பிடித்துத் தின்றார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து என் தோளில் கை போட்டு நடக்கிற பிரபு மட்டும் சிப்ஸ் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஒண்ணு எடுத்துக்கடா," என்று தட்டை நீட்டினேன்.

"வேணாம்டா. காலனி வூட்ல கை நனைச்சேன்னு எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா பேஜாராயிடும்," என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்புதான். தலைமுடியைப் பிடித்துத் தாடையை நெரித்து, சூட்டோடு பக்கோடாவை அவன் வாயில் திணித்தேன். துப்பினான். மறுபடி திணித்தேன். உதடு கிழிந்தது. பசங்கள் இழுத்துப் பிரிக்கிறவரை குத்திக்கொண்டே இருந்தேன். தெருவுக்குப் போனவன் வாய்க்குள் விரலை விட்டு, ஒட்டியிருந்ததைத் தோண்டித் துப்பினான். ரத்தத்தை அப்புறம்தான் துடைத்தான்.

விடிந்தால் ஊரிலிருந்து ஆள் திரட்டிக்கொண்டு வருவார்கள். பைக்கை ஓமந்தூர் மாமா வீட்டில் விட்டுவிடச் சொல்கிறார் அப்பா. எனக்கும் பயம்தான்.

அடுப்படியில் இருந்த அம்மாவுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கிறது. தரையில் சிதறியதைப் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்: "ஏண்டா, உப்பு ஜாஸ்தியா போயிடுச்சா?"

ஒன்றை எடுத்துத் தின்று பார்த்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.