கூடைக்கு இடப்புறம்

சேக்காடு, ஆவடி
20-4-1942

அன்புள்ள நஜீருக்கு,

நலம். நீயும் வீட்டில் எல்லோரும் நலமா?

ஹாஸ்டலைக் காலி செய்த அவசரத்தில் உன்னிடம் சரியாகச் சொல்லிக்கொண்டுகூட வரவில்லை. சென்ட்ரலில் அவ்வளவு கூட்டம் நான் பார்த்ததில்லை. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு போகிறது. ஒரு அம்மாள் ஆட்டுக்கல்லோடு ரயிலேறப் பார்த்தாள். என் கையில் கல்லூரிக் கூடைப்பந்து. ஜானகிராமன் மாஸ்டர் கொடுத்தனுப்பினார். "அடுத்த வருஷம் நீதான் காப்டன். லீவில் சும்மா இருக்காதே, யோசி" என்றார்.

வீட்டு வாசலில் நைனா என்னைப் பார்க்கவில்லை, பந்தைத்தான் பார்த்தார். "அத்த தூக்கிகினு வந்துட்டே. பொஸ்தகம் எங்கடா?"

யோசித்தேன். மார்ச்சில் இறுதி ஆட்டத்தில் ஏன் தோற்றோம்? தடுப்பதில் குறையில்லை. கூடை போடத்தான் நமக்குத் தெரியவில்லை. யார் கைக்குப் பந்து வந்தாலும் கோதண்டத்திடம் கொடுத்துவிடுகிறோம், அவன் உயரம் என்று. எதிராளிகள் அவனைச் சுற்றி வேலி போட்டு நின்றார்கள். நாம் தூண்கள் மாதிரி நின்று வேடிக்கை பார்த்தோம்.

இதற்கு வழி உனக்குத்தான் தோன்றும். பூந்தமல்லி என்ன தூரம்? சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒருநாள் வருகிறேன்.

உன்
ஆனந்தன்


பூந்தமல்லி
28-4-1942

அன்பு ஆனந்தா,

உன் கடிதம் கடையில் கிடைத்தது. வியாபாரம் இல்லை. ரங்கூனில் அண்ணன் கடைக்குப் போக வேண்டிய கைலிக் கட்டுகள் கூரைவரை கிடக்கின்றன. அவற்றின் நிழலில் உட்கார்ந்து உனக்காக யோசிக்கிறேன்.

தரையில் சாக்கட்டியால் மைதானம் வரைந்தேன். நமக்குப் புளியங்கொட்டைகள், எதிராளிகளுக்குச் சோழிகள். அண்ணன் மகள் நஜ்மா எதிரே உட்கார்ந்து எப்போதும் ஒரு புளியங்கொட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறாள். கேட்டால் வாயைத் திறக்க மாட்டாள். நம் பக்கம் ஒரு ஆள் குறைவாகவே ஆடிப் பார்க்கிறேன்.

நாம் ஆளைப் பார்த்து எறிகிறோம், ஆனந்தா. அதுதான் தப்பு. நாம் பார்க்கிற ஆளை எதிராளியும் பார்க்கிறான். இனி இப்படிச் செய்வோம். கோதண்டம் கூடைக்கு அடியிலிருந்து வெளியே வரட்டும். வேலியும் அவனோடு வெளியே வரும். நீ பந்தோடு நடுவில் நில். நான் இடது பக்கத்திலிருந்து, பந்து கேட்பவன் மாதிரி உன்னை நோக்கி வருவேன். என்னைக் காப்பவனும் கூடவே வருவான். சட்டென்று திரும்பிக் கூடைப் பக்கம் ஓடுவேன். நீ என்னைத் தேடாதே. கூடைக்கு இடப்புறம் பந்தைப் போடு. அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். பரவாயில்லை. ஆள் இல்லாத இடத்துக்குப் போடு, நான் வந்து சேருவேன்.

சைக்கிளில் வர வேண்டாம். ரங்கூன் விழுந்ததிலிருந்து பஷீருதீன் அண்ணனிடமிருந்து தகவல் இல்லை. அத்தா யாரோடும் பேசுவதில்லை. இந்த வீட்டில் இப்போது பந்துப் பேச்சை எடுக்க முடியாது. கடை விலாசத்துக்கு எழுது. எழுதிக்கொண்டே இரு.

நஜீர்


சேக்காடு
10-5-1942

அன்புள்ள நஜீருக்கு,

எண்ணெய்ப் பீப்பாயின் இரும்பு வளையம் ஒன்றைப் புளிய மரத்தில் அடித்துவிட்டேன். உனக்குப் பதிலாக என் மாமன் மகன் வேம்புலி ஓடுகிறான். அவன் பிறந்ததிலிருந்து மாட்டு வண்டியைத் தவிர எதன் பின்னாலும் ஓடியதில்லை.

"இன்னா மச்சான், ஆளு நான் இங்க கீறேன், நீ அங்க எறியிறே? கண்ணு அவுட்டா?"

"நீதாண்டா ஓடி வரணும்."

"அத்த மின்னாடியே சொல்றதுக்கு இன்னா? வரப்புல வுயுந்து முட்டி பேந்துகினு கீது பாரு."

நேற்று சாயங்காலம் ஒரே ஒரு முறை, பந்தும் அவனும் கூடைக்கு இடப்புறம் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். இருவரும் போட்ட கூச்சலில் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. நான் அவனைப் பார்க்கவே இல்லை, நஜீர். வெறும் இடத்தைப் பார்த்து எறிந்தேன். அந்த ஒரு நொடி பயமாக இருந்தது. பிறகு சந்தோஷம்.

வேம்புலியோடே இப்படியென்றால், உன்னோடு எப்படி இருக்கும்! கல்லூரி திறக்கட்டும்.

பட்டாளத்துக்கு இடம் வேண்டுமென்று இங்கே நிலம் அளக்கிறார்கள். புளிய மரத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார்கள். வெட்டுவதற்கு முன் பழகி முடித்துவிட வேண்டும்.

அண்ணன் வந்துவிடுவார். கவலைப்படாதே.

உன்
ஆனந்தன்


பூந்தமல்லி
24-5-1942

அன்பு ஆனந்தா,

நீ வேம்புலியைப் பற்றி எழுதியதை ஜரினா அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார்கள்.

திட்டத்தில் ஒரு மாற்றம். இடப்புறம் ஓடுகிற ஆளாக வீரராகவனைப் பழக்கினால் என்ன? முதல் வருஷக்காரன்தான். ஆனால் கை இளகிய கை, பந்தைப் பிடித்தால் விடுவதில்லை. அவன் வீடு பட்டாபிராமில்தானே, உனக்குப் பக்கம். கூப்பிட்டு ஓடவிட்டுப் பார். கோதண்டம் வெளியே வருவதும் நீ நடுவில் நிற்பதும் அப்படியே இருக்கட்டும்.

ரங்கூனிலிருந்து நடந்தே வந்த ஒருவர் போன வாரம் கடைக்கு வந்தார். நம் அண்ணனோடு பாதி வழி நடந்தாராம். "பர்மா எல்லையில தமுன்னு ஒரு ஊரு, அத்த தாண்டி ஒரு மரத்தடியில உக்காந்துட்டாரு. காலு வீங்கிப்போச்சு. நீங்க போங்க, நான் பின்னாலயே வரேன்னாரு" என்றார்.

அண்ணி கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டார்கள்: "கையில எதனா வச்சிருந்தாரா?"

"ஒரு கூஜாம்மா. தண்ணி இல்ல. காலிக் கூஜாவ ஏன் தூக்கிகினு வரீங்கன்னு கேட்டதுக்குச் சிரிச்சாரு."

அது அண்ணி வீட்டில் கல்யாணத்துக்குக் கொடுத்த கூஜா. "இன்னும் வச்சுகினு கீறாரு, இன்னும் வச்சுகினு கீறாரு" என்று அன்றைக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நஜ்மா பிறந்த பிறகு அண்ணன் ஊருக்கு வரவில்லை. அவளுக்கு அவர் ஒரு போட்டோ.

வீரராகவனைக் கூப்பிடு. மறந்துவிடாதே.

நஜீர்


சேக்காடு
31-5-1942

நஜீர்,

உன் மாற்றம் எனக்குப் பிடிக்கவில்லை.

கூப்பிட்டேன். வந்தான். ஓடவிட்டேன். திரும்புகிற நேரத்தில் அவன் கீழே குனிந்து தன் காலைப் பார்க்கிறான். எதிராளிக்குத் தந்தி அடித்துச் சொல்வது மாதிரி. பந்து முன்னால் போய்விடுகிறது, பின்னால் அவன் வருகிறான், "சாரி அண்ணாத்தே, சாரி அண்ணாத்தே" என்று. மூன்றாம் நாள் கோபத்தில் பந்தைக் கிணற்றுப் பக்கம் எறிந்துவிட்டேன்.

உன் இடத்தை ஏன் அவனுக்குக் கொடுக்கிறாய்? நன்றாக இருந்த திட்டத்தை ஏன் கெடுக்கிறாய்? கடையில் உட்கார்ந்து கொட்டைகளை நகர்த்துவது சுலபம். கொட்டைக்கு மூச்சு வாங்காது. மார்ச்சில் நாம் தோற்றபோது மைதானத்தில் உட்கார்ந்து அழுதவன் நீ. ஜெயிக்க வேண்டும் என்று இப்போது உனக்கு இல்லையா?

இன்னொன்று. உன் கடிதத்தைத் திரும்பவும் படித்தேன். கோதண்டம் எங்கே, நான் எங்கே, வீரராகவன் எங்கே எல்லாம் எழுதியிருக்கிறாய். நீ எங்கே நிற்பாய் என்று எழுதவே இல்லை.

ஆனந்தன்


பூந்தமல்லி
12-6-1942

என் ஆனந்தா,

கோபித்துக்கொள். ஆனால் இதைப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

வீரராகவன் காலைப் பார்ப்பது பயத்தால். பந்து அவன் வருவதற்குள் போய்விடும் என்கிற பயம். எனக்கு எறிகிற வேகத்தில் அவனுக்கு எறியாதே. அவன் தோள் திரும்பட்டும், பிறகு எறி. கொஞ்சம் உயரமாக எறி. காற்றில் பந்து கொஞ்சம் காத்திருக்கும். இரண்டு வாரம் திட்டாமல் பழக்கு. திட்டாமல் என்பதை மறக்காதே, உன்னை எனக்குத் தெரியும்.

நான் எங்கே நிற்பேன் என்று கேட்டாய். நாளைக்கு ரயிலேறுகிறேன். கல்கத்தா, அங்கிருந்து டிமாப்பூர். பர்மாவிலிருந்து நடந்து வருகிறவர்கள் மலையிறங்கி அங்கேதான் வந்து சேர்கிறார்களாம். முகாம் இருக்கிறது. அண்ணனைத் தேடப் போகிறேன். அத்தாவால் முடியாது. வேறு யாரும் இல்லை.

போன கடிதம் எழுதும்போதே போக வேண்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். சொன்னால் நீ திட்டத்தைத் தூக்கிப் போட்டுவிடுவாய் என்று நினைத்தேன். நான் இல்லாமலும் அது ஓட வேண்டும். கோதண்டத்துக்கு இது கடைசி வருஷம்.

ஸ்டேஷனுக்கு வராதே. உன்னைப் பார்த்தால் ஏற மாட்டேன்.

இன்ஷா அல்லாஹ், ஆட்டங்கள் தொடங்குவதற்குள் வந்துவிடுவேன். அப்போது வீரராகவனிடமிருந்து என் இடத்தைப் பிடுங்கிக்கொள்கிறேன்.

நஜீர்


சேக்காடு
6-7-1942

அன்புள்ள நஜீருக்கு,

இந்தக் கடிதம் உன் கையில் கிடைத்தவுடன் புறப்படு. உன் அண்ணன் வந்துவிட்டார்.

நேற்று மனசு கேட்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனேன். உங்கள் கடைக்கு எதிரே பூக்கட்டுகிற நாகம்மாள் என்னை நிறுத்தினாள். "இன்னா நைனா, நஜீர் தம்பியத் தேடிகினு வந்தியா? அது ரயிலேறிப் பூட்சே. பெரியவரு வந்துட்டாரு, சின்னவரு பூட்டாரு. இன்னா கணக்கு இது?"

அவர் மலையிறங்கி, காய்ச்சலோடு கல்கத்தாவில் யாரோ ஒரு புண்ணியவான் வீட்டில் படுத்திருந்தாராம். நீ கல்கத்தாவில் வண்டி மாறியபோது அவர் அதே ஊரில் இருந்திருக்கிறார். எழுந்து நிற்க முடிந்ததும் வந்துவிட்டார். வாசலில் நின்று முதலில் கேட்டது, "தம்பி எங்கே?"

எலும்பும் தோலுமாக இருக்கிறார். நஜ்மா கிட்டே போக மாட்டேன் என்கிறாள். போட்டோவைக் கொண்டுவந்து அவர் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், பிறகு போட்டோவையே மடியில் வைத்துக்கொண்டாள். கூஜா ஜன்னலில் இருக்கிறது.

உன் அத்தா என்னிடம் பேசினார். "நீதான் ஆனந்தனா? ரா பகல்னு இல்லாம தரையில கோடு போட்டுகினு இருந்தான்பா. இவனுக்கு இன்னாமோ ஆய்ப்போச்சுன்னு நெனச்சேன்." கடைத் தரையில் உன் மைதானம் அப்படியே இருக்கிறது. யாரும் துடைக்கவில்லை.

தந்தி அடித்திருக்கிறார்கள். நானும் எழுதுகிறேன். ஏதாவது ஒன்று உன்னை வந்து சேரட்டும்.

போன கடிதத்தில் எழுதியதையெல்லாம் கிழித்துப் போடு. கல்லூரி திறந்துவிட்டது. வா.

உன்
ஆனந்தன்


சேக்காடு
18-10-1942

அன்புள்ள நஜீருக்கு,

நலம்.

உனக்கு எழுதிய கடிதங்களில் இரண்டு திரும்பி வந்துவிட்டன. முகாமிலிருந்து உன் அத்தாவுக்கு ஒரு பதில் வந்தது. நீ அங்கே வந்தாயாம். வாரக் கணக்கில் நோயாளிகளுக்குத் தண்ணீர் சுமந்தாயாம். பிறகு, நடக்க முடியாமல் வழியில் தங்கிவிட்டவர்களைக் கொண்டுவர ஒரு கூட்டம் மலைப்பாதையில் ஏறியது, நீயும் அவர்களோடு ஏறினாய். மழை பிடித்துக்கொண்டது. திரும்பியவர்களில் நீ இல்லை. அவ்வளவுதான் எழுதியிருக்கிறது. தந்தி நீ மலை ஏறிய பிறகுதான் முகாமுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

உன் அண்ணன் கடையில் உட்காருகிறார். யாராவது உள்ளே வந்தால் முகத்தைப் பார்ப்பதில்லை. முதலில் காலைப் பார்க்கிறார்.

ஆகஸ்டில் கலவரத்துக்காகக் கல்லூரியை மூடினார்கள். திறந்ததும் ஆட்டங்களை வைத்தார்கள். நேற்று, மார்ச்சில் நம்மைத் தோற்கடித்த அதே கல்லூரியோடு ஆடினோம்.

கோதண்டம் வெளியே வந்தான். வேலியும் வந்தது. வீரராகவன் என்னை நோக்கி வந்தான், தோள் திரும்பியது, காலைப் பார்க்கவில்லை. கூடைக்கு இடப்புறம் எறிந்தேன், கொஞ்சம் உயரமாக. வந்து சேர்ந்தான். கூடை. மறுபடி. மறுபடி. அவர்களுக்குக் கடைசிவரை புரியவில்லை. ஜெயித்தோம். ஜானகிராமன் மாஸ்டர் என்னைக் கட்டிக்கொண்டு, "இந்த வழியை எங்கேடா பிடிச்சே?" என்றார். உன் பேரைச் சொன்னேன். கையை எடுத்துவிட்டார்.

ஒரே ஒரு முறை, ஆட்டம் முடிகிற நேரத்தில், களைப்பில் கை பழைய வேகத்தில் எறிந்துவிட்டது. உனக்கு எறிகிற வேகம். வீரராகவன் இன்னும் திரும்பவே இல்லை. பந்து கூடைக்கு இடப்புறம் தரையில் விழுந்து, எழும்பி, கோட்டைத் தாண்டிப் போயிற்று. "யாருக்கு அண்ணாத்தே அது?" என்று கேட்டான் அவன். கோதண்டம் அவன் தோளைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பிவிட்டான்.

உன் திட்டத்தில் ஒரு பிழையும் இல்லை. ஒன்றாவது விட்டுவைத்திருக்கலாம், நஜீர். வந்து திருத்துவதற்கு.

புளிய மரத்தை வெட்டிவிட்டார்கள். வளையத்தை வேம்புலி கழற்றிக்கொண்டுவந்து கொடுத்தான். "எங்கனா மாட்டலாம் மச்சான்" என்கிறான். இன்னும் மாட்டவில்லை.

இந்தக் கடிதத்தை டிமாப்பூருக்குப் போடப் போவதில்லை. கடை விலாசத்துக்கே போடுகிறேன். அங்கே நீ இல்லை என்று தெரியும். ஆள் இல்லாத இடத்துக்குப் போடு, வந்து சேருவேன் என்றவன் நீ.

போட்டுவிட்டேன்.

ஆனந்தன்