வாய்தாவும் உன் பிரசவமும்

லிங்கராஜபுரம், பெங்களூரு

அன்பு மகள் கிரேஸுக்கு அம்மா முத்தங்களோடு எழுதுவது. வயிற்றுப் பிள்ளையோடு நீயும், மாப்பிள்ளையும், என் பேரன் ஜோயலும் அந்தக் கனடா குளிரில் கர்த்தருடைய கைக்குள் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபிக்கிறேன். இங்கே நான் சுகம், கால் வீக்கம்கூட வடிந்துவிட்டது. போனில் பேசினால் பாதியில் நானும் அழுகிறேன், நீயும் அழுகிறாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கோர்ட் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜோயல் பிறந்தபோது நான் உன்னிடம் வந்து ஆறு மாதம் இருந்தேனே, அதைப் பிடித்துக்கொண்டுதானே உன் கிளெமென்ட் சித்தப்பா, அண்ணி குடியிருக்கும்வரைதான் வீடு அவருக்கு என்று உன் தாத்தா பத்திரத்தில் எழுதியிருக்கிறார், அண்ணி காலி செய்துவிட்டு மகளோடு போய்விட்டார், இனி வீடு தம்பியான எனக்கே சேர வேண்டும் என்று கேஸ் போட்டார். போன வாய்தாவிலும் அவர் வக்கீல் அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னார். நம் வக்கீல் ஸ்ரீரஞ்சனி எழுந்து, நான் போகும்போதே திரும்பி வர எடுத்த டிக்கெட், பாஸ்போர்ட் முத்திரை, நான் இல்லாத மாதங்களில் பக்கத்து வீட்டு பாகீரதி எனக்காகக் கட்டிய கரண்ட் பில், வீட்டு வரி ரசீது என்று எல்லாவற்றையும் தேதி வரிசையில் எடுத்து வைத்தாள். ஜட்ஜ் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, கேஸ் முடியும்வரை என்னை யாரும் வீட்டைவிட்டுக் கிளப்பக் கூடாது என்று உத்தரவு போட்டார். சித்தப்பா என் முகத்தைப் பார்க்காமல் ஆட்டோ ஏறிப் போனார். அப்பா அடக்கத்தன்று என் பக்கத்தில் நின்று அழுத மனிதர், நினைத்தால் மனசு ஆறவில்லை.

அந்தக் காகிதங்கள் தப்பியதே ஸ்ரீரஞ்சனி படுத்திய பாட்டினால்தான். முதல் நாளே, “ஆன்ட்டி, ஒரிஜினல யாரு கேட்டாலும் குடுக்காதீங்க, எனக்கே ஜெராக்ஸ்தான் குடுக்கணும்” என்று சொல்லிவிட்டாள். பில்லில் மை மங்கிவிடும் என்று வந்த அன்றே ஜெராக்ஸ் எடுக்கிறேன், யாரிடம் எதைக் கொடுத்தாலும் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குகிறேன், வாய்தாவில் நடந்ததை அன்றைக்கே எழுதி வைக்கிறேன். சித்தப்பாவுடைய ஆள் ஒருவன் வந்து, “பத்திரத்தக் குடும்மா, பாத்துட்டுத் தர்றேன், சமாதானமா முடிச்சிக்கலாம்” என்றான், வக்கீலம்மாவிடம் போய்ப் பேசு என்று வாசலோடு அனுப்பிவிட்டேன். நீயும் உன் வாடகைக் காகிதம், ஆஸ்பத்திரிக் காகிதம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வை, போனில் படம் இருக்கிறதே என்று அலட்சியமாக இருக்காதே.

இனிதான் சொல்லக் கஷ்டமானது. என்னைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கிற வாய்தா உனக்கு நாள் சொன்ன அதே மாதத்தில் விழுந்திருக்கிறது. தள்ளி வைக்க முடியுமா என்று கேட்டேன். “தேதி தள்ளி வாங்கலாம் ஆன்ட்டி, ஆனா நீங்க மறுபடியும் ஊர்ல இல்லன்னா அவங்க பேச அதுவே போதும்” என்றாள். இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். இந்த வீடும் போய்விட்டால் நான் உன்னிடம் போக்கிடம் இல்லாதவளாக வர வேண்டியிருக்கும் மகளே, நான் அம்மாவாக வர வேண்டும். அதனால் இந்த முறை நான் வரவில்லை. மர்பி டவுனுக்குப் போய் உன் மாமியாரைப் பார்த்தேன். உன் கல்யாணப் பந்தியில் வந்த மனத்தாங்கலுக்குப் பிறகு அந்த வீட்டுப் படி நான் ஏறியதே இல்லை. எனக்குப் பதில் நீங்கள் போக வேண்டும் என்று கேட்டதும் எலிசபெத் சம்பந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீ இருக்க வேண்டிய எடத்துல நான் போறேனேன்னுதான் கஷ்டமா இருக்கு ஜூடித்து, அவள நான் பாத்துக்கறேன்” என்றார். விசா அவருக்கு முன்பே இருக்கிறது. பிரசவ லேகியம் கிளறி அவரிடம் கொடுத்தனுப்புகிறேன், அவரிடம் முகம் கோணாமல் நடந்துகொள்.

அவருக்கு முட்டி வலி, தரையில் உட்கார முடியாது. ஜோயலை நான் குளிப்பாட்டியபோது பக்கத்தில் இருந்து பார்த்தாயே, அதேபோல் இந்தப் பிள்ளையை நீயே காலை நீட்டி அதன்மேல் கிடத்திக் குளிப்பாட்டு. தண்ணீரை முதலில் உன் முழங்கையில் ஊற்றிச் சூடு பார், தலைக்கு ஊற்றும்போது நெற்றியில் கையை அணை வைத்துக்கொள், கண்ணில் போகாது. வீறிட்டு அழும், பயப்படாதே.

இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே. கர்த்தர் உன்னையும் பிள்ளையையும் இரண்டு உயிராகப் பிரித்துச் சுகமாகக் கையில் தரட்டும். பிள்ளையைத் துவட்டி எடுத்ததும் அதன் காதில், லிங்கராஜபுரத்து ஆயா கேஸ் முடிந்ததும் வருவாள் என்று ஒரு தரம் சொல்லிவிடு.

உன் அம்மா
ஜூடித்