பவளத்தின் கன்னத்துச் சுழி

பாவா,

இன்று காலை, அக்கா ஊறவைத்திருந்த கொள்ளுப் பயறை வடித்தபோது அந்த வாடை வந்தது. உங்கள் சட்டைப் பையில் எப்போதும் இருந்த வாடை. ஒரு நொடி நீங்கள்தான் பின்னால் நிற்கிறீர்கள் என்று நினைத்துவிட்டேன். திரும்பினால் உங்கள் குதிரை பவளம் நிற்கிறாள், இரண்டு காது நுனியும் ஒன்றையொன்று தொட்டபடி.

அந்தக் காதுக்குத்தானே மயங்கினீர்கள். அந்தியூர் சந்தையில் உயரமான வெள்ளை, பளபளக்கும் கறுப்பு என்று எத்தனை குதிரைகள்! நீங்களோ செம்மண் நிறத்து மார்வாரிப் பெண்குதிரை ஒன்றின் முன்னால், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி அசையாமல் நின்றீர்கள். இடது கண்ணுக்குக் கீழே சுழி இருந்ததை நான்தான் பார்த்தேன். கண்ணீர் இறங்கும் இடத்தில் சுழி இருந்தால் வளர்ப்பவருக்கு ஆகாது என்பார்கள். அதனால்தான் அவளை யாரும் வாங்காமல் விட்டிருந்தார்கள்.

"முடி சுத்திகினு இருந்தா அது இன்னாடா பண்ணும்?" என்று சிரித்தீர்கள். வண்டியில் ஏற்றும்போது மட்டும் குரல் தாழ்ந்தது. "அக்காகிட்ட சொல்லிடாதே."

சுழி பார்க்காமல் கன்றுக்குட்டிகூட வாங்காதவள் என் அக்கா. அவளைக் கட்டிய உங்களுக்குத் தெரியாதா! பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் நீங்கள். சிவப்பு நூலில் குஞ்சம் கட்டி, முகக்கயிற்றிலிருந்து சரியாகச் சுழியின் மேல் தொங்கவிட்டீர்கள். போதாததற்கு, பவளம் பெண்களைக் கண்டால் உதைப்பாள் என்று இருவரும் சேர்ந்து கதை கட்டினோம். ஈ உட்கார்ந்தால்கூடக் காலைத் தூக்காத பிராணி அது. அக்கா பாவம், பத்தடி தள்ளியே வாளியை வைத்துவிட்டுப் போவாள்.

பனிக்காலத்தில் ஆர்.கே.பேட்டை சாலையை விட்டு ஏரிக்குள் இறங்குவோம். வற்றிய ஏரியின் மண் குளம்புக்கு மெத்தென்று இருக்கும். ஆந்திரப் பக்கத்து மலைகள் இருக்கின்றனவா இல்லையா என்று சொல்ல முடியாத நீலத்தில் நிற்கும். நீங்கள் பனிக்குள் போய்க் கரைந்துவிடுவீர்கள். குளம்புச் சத்தம் மட்டும் என்னைச் சுற்றிச் சுற்றி வரும். பிறகு குஞ்சம் தெரியும், அப்புறம் காது, கடைசியில் உங்கள் சிரிப்பு. இப்போதும் கனவில் அப்படித்தான் வருகிறீர்கள். கூப்பிட்டால் இறங்குவதில்லை.

அப்படியொரு காலையில்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கினீர்கள். "வாயுடா. சுக்குக் காப்பி குடிச்சா பூடும்." அந்த வலியிலும், வேர்வை அடங்காமல் தண்ணீர் காட்டக் கூடாது என்று பவளத்தைக் கரையோரமாக நடத்திக்கொண்டே இருந்தீர்கள். வீடு நெருங்கியதும் அதே தாழ்ந்த குரல்: "அக்காகிட்ட சொல்லிடாதே."

சுழியைப் போல இதுவும் ஒன்று என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். மூன்றாம் நாள் தறியடியிலேயே சாய்ந்தீர்கள்.

காரியம் முடிந்ததும் உறவுக்காரர்கள் குதிரையை விற்றுத் தள்ளிவிடச் சொன்னார்கள். சுழி தெரிந்தால் அக்காவும் தலையாட்டிவிடுவாள் என்ற பயத்தில் குஞ்சத்தை இன்னும் இறுக்கிக் கட்டினேன். போன மாதம் ஒருநாள் என் கடையை மூடிவிட்டு அக்கா வீட்டுக்கு வந்தால், அக்கா முகக்கயிற்றைக் கழற்றிவிட்டுப் பவளத்தைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாள்.

"இன்னாடா முழிக்கற? சுழிய வந்த அன்னிக்கே பாத்துட்டேன்."

"அப்ப ஏன்க்கா ஒன்னும் கேக்கல?"

"அவரே சொல்லட்டும்னு இருந்தேன். அவ்ளோ ஆசையா குஞ்சம் கட்டிகினு இருந்தவரை இன்னான்னு கேக்கறது?" கை நின்றது. "சுழிய மறைச்சாரு, போவட்டும். முன்னாடியே வலிச்சிருக்கும்னு டாக்டர் சொன்னாரே, அதை ஏன்டா எங்கிட்ட மறைச்சாரு?"

"எனக்குத் தெரியும்க்கா" என்றேன். ஏரியில் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன்.

அக்கா மிச்சத் தண்ணீரைப் பவளத்தின் முதுகில் ஊற்றினாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்று உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் வைக்க முடியாது பாவா. நீங்கள் போய்விட்டீர்கள், நான் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. என் மேல் வந்த கோபம் அதைவிடப் பெரிது.

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. குதிரையை விற்கவும் இல்லை. தினமும் கொள்ளு ஊறியிருக்கும். நான் வந்து வைத்துவிட்டு, குளம்பு நான்கையும் சுத்தம் செய்துவிட்டுப் போவேன்.

இன்று வெளியே வந்தாள். பவளத்தின் கழுத்தில் கையை வைத்து நின்றாள். நான் குதிரையின் பின்னங்காலைத் தூக்கிக் குளம்பிலிருந்த மண்ணைச் சுரண்டினேன்.

"இன்னா இருக்குது?"

"ஒன்னுமில்லக்கா" என்று வாய்வரை வந்தது. உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். விழுங்கிக்கொண்டு குளம்பை வெளிச்சத்துக்குத் திருப்பினேன்.

"வெடிப்பு வுட்டிருக்குதுக்கா. லாடக்காரரை இன்னிக்கே கூப்பிடணும்."

குனிந்து, விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஆங், கூப்புடு" என்றாள். "லாடக்காரரு வர்ற வரைக்கும் நீயும் இங்கியே சாப்புட்டுட்டு இரு."