மூச்சு முட்டிய படகு

ஜூலை 7
இன்றைக்கும் படகின் எஞ்சின் நடு ஏரியில் நின்றது. கரையிலிருந்து கிளம்பிச் சரியாகப் பதினைந்து நிமிடம். டேங்க் மூடியைக் கழற்றிப் பார்த்தேன், பாதிக்கு மேல் பெட்ரோல் இருக்கிறது. மூடியைப் போட்டு எஞ்சின் கயிற்றை இழுத்தேன், பிடித்துக்கொண்டது. மறுபடி பத்து நிமிடத்தில் நின்றது. சனியன்.

லோவெல் மளிகைப் பைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். தீவு வீடு என்னுடையது, டவுன் வீடு அவனுடையது. வீடு வந்ததும் மெதுவாகச் சொன்னான்: “ஆர்டிஸ், டவுனுக்கே போயிடலாமா? செப்டம்பர்ல லேபர் டே லீவு வரைக்கும் பார்ப்போம். அதுக்குள்ள இது சரியாகலைன்னா போயிடலாம்.”

“சரி, போகலாம்!” என்று கத்திவிட்டேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். இந்தத் தீவை விட்டு நான் எங்கே போவேன்?

ஜூலை 9
சமையல் மேசையில் கார்புரேட்டரைப் பிரித்தேன். அதன் கிண்ணத்தில் கொஞ்சம் கசடு, தண்ணீர் இல்லை. சின்னத் துளைகளை மெல்லிய கம்பியால் குத்தி ஊதினேன். வீடெல்லாம் பெட்ரோல் நாற்றம். லோவெல் முணுமுணுக்கவில்லை. ஜன்னல்களைத் திறந்துவிட்டு, திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே கேக் தட்டின் குழிகளில் எடுத்து வைத்தான். நாற்பது வருடம் பியானோ சுருதி சேர்த்த விரல்கள், ஒன்றைக்கூடக் கீழே போடவில்லை.

ஜூலை 10
நின்றது.

ஜூலை 16
பில்டர் மாற்றியாயிற்று. இன்று பெட்ரோல் பம்புக்குப் புது ஜவ்வு வாங்கக் கரையில் டோய்வோவின் படகுச் சாமான் கடைக்குப் போனேன். அவனுக்கு வாய் சும்மா இருக்குமா?

“எழுபத்தி நாலாம் வருஷத்து எஞ்சின் அம்மணி! புதுப் புருஷன் பார்த்தே, அப்படியே புது எஞ்சினும் பார்த்துக்கோயேன்.”

“புதுப் புருஷனே இன்னும் ஓடிப் பழகலை, நீ ஜவ்வை எடு” என்றேன்.

ஜவ்வை அங்கேயே மாட்டியும், திரும்பும்போது மறுபடி நின்றது. லோவெலிடம் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் படகிலேயே உட்கார்ந்து அழுதேன்.

ஜூலை 21


எனக்குக் கடைசியாக ஒரு யோசனை. நான் ஓட்ட, லோவெல் பின்னால் உட்கார்ந்து பெட்ரோல் குழாயில் இருக்கிற ரப்பர் குமிழை அமுக்கிக்கொண்டே வரவேண்டும். அமுக்கினால் எஞ்சின் ஓடும் என்றால் குற்றம் பம்பில். பத்து நிமிடம் போனதும், “சத்தம் அரை சுரம் இறங்குது” என்றான். நின்றேவிட்டது. “ஆர்டிஸ், இது உப்பவே மாட்டேங்குது. சப்பையாப் போச்சு.”

திரும்பிப் பார்த்தேன், பிழிந்த எலுமிச்சை மூடி மாதிரி ஒட்டிக் கிடந்தது. அப்படியென்றால் டேங்கிலிருந்தே பெட்ரோல் வரவில்லை. பெட்ரோல் வெளியே போகப் போக உள்ளே காற்று போகவேண்டும். டேங்க் மூடியின் நடுவில் இருக்கிற காற்றுத் திருகைத் தொட்டேன். இறுக்கி மூடியிருந்தது!

முப்பது வருடமாக நான் அதை மூடியதே இல்லை. திறந்தே கிடக்கும் என்பதால் பார்க்கவும் தோன்றவில்லை. தளர்த்தினேன், உஸ்ஸென்று காற்றை இழுத்தது. எஞ்சின் ஒரு இருமல்கூட இல்லாமல் வீடு வரைக்கும் ஓடியது.

தீவில் இருப்பது நாங்கள் இரண்டே பேர். டவுனுக்குப் போகவேண்டும் என்று சொல்கிறவன் ஒருவன்தான். அட பாவி, நீயா? வேண்டுமென்றேவா?

ஜூலை 22
கேட்டுவிட்டேன். கேட்ட விதம் நன்றாக இல்லை.

அவன் காபிக் கோப்பையைக் கீழே வைத்தான். “ஆமா, நான்தான் மூடினேன். நாள் கணக்கா நீ அதைத் திறந்தே போட்டிருந்தே.”

“ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

 பிறகு சொன்னான். வெர்னாவுக்கு, அவனுடைய முதல் மனைவிக்கு, மறதி இப்படித்தான் ஆரம்பித்ததாம். குழாய், அடுப்பு, கார் கதவு, எல்லாம் திறந்தது திறந்தபடி. “ஒவ்வொரு தடவையும் சொன்னேன். சொல்றப்போல்லாம் அவ முகம் அப்படியே வாடிப்போகும். உனக்கும் வந்துட்டா, சொல்லக்கூடாது, பின்னாலேயே போய் மூடிடணும்னு நெனச்சேன். டவுன்ல இருந்தா ஆஸ்பத்திரியும் பக்கம்.”

இத்தனை நாளாக இதை நெஞ்சில் சுமந்துகொண்டு இவன் எனக்குத் திருகாணி எடுத்து வைத்திருக்கிறான். நானோ மனசுக்குள் அவனைக் கள்ளன் ஆக்கினேன். ஐயோ.

“அது திறந்துதான்டா இருக்கணும். மூடினா டேங்க்குக்கு மூச்சு முட்டும்.”

“அப்போ நீ மறக்கலையா?”

“மறக்கலைடா கிறுக்கா.”

சிரித்தான். சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. தலையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

ஜூலை 26
சமையலறைக்குள் போய், எதற்கு வந்தோம் என்று ஒரு நிமிடம் நின்றேன். வாசலில் லோவெல். அந்தப் பார்வை! “இன்னும் பயமா?” என்றேன். ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

டாக்டர் வாசலை மிதித்து எனக்குப் பதினொரு வருடம். இவனுக்காகப் போகிறேன்.

ஆகஸ்ட் 4
முப்பத்தைந்து நிமிடம் ஏரியில், எஞ்சின் முனகக்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் மறதிப் பரிசோதனைக்காகக் கடிகாரம் வரையச் சொன்னார்கள், வரைந்தேன். ஐந்து வார்த்தைகளை நினைவில் வைக்கச் சொன்னார்கள், நாலுதான் வந்தது. இந்த வயதுக்கு நன்றாகவே இருக்கிறது, அடுத்த வருடம் வாருங்கள் என்றார் டாக்டர். லோவெல் வெளியே என் கைப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

“எந்த வார்த்தையை விட்டே?”

“அது தெரிஞ்சா விட்டிருப்பேனா?”

வரும்போது நடு ஏரியில் நானே எஞ்சினை நிறுத்தினேன். “இதைக் கேட்டுக்கோ லோவெல். ஒருநாள் நெஜமாவே மறந்தேன்னா சொல்லிடு. என் முகம் வாடினா வாடட்டும். எனக்குத் தெரியாம எதையும் மூடி வைக்காதே.”

சரி என்றான். கொஞ்சம் கழித்து, “குளிர்காலத்துக்கு விறகு எவ்வளவு வேணும்?” என்று கேட்டான்.

“எந்த வீட்டுக்கு?”

“தீவு வீட்டுக்குத்தான். இந்தப் படகுல ஏத்தினா எத்தனை நடை ஆகும்?”

பன்னிரண்டு ஆகும் என்றேன். நாளைக் காலையிலேயே ஆரம்பிக்கலாம் என்கிறான்.