இருநூற்று எண்பது மீட்டர்

2025 ஜூன் 3, செவ்வாய்

காட்பாடியில் ரயில் இருபது நிமிடம் லேட். ஆம்பூரில் இறங்கி ஓட்டமும் நடையுமாகக் கம்பெனிக்குப் போனால் வாசலிலேயே மேனேஜர். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "கிறிஸ்டினா, குழந்தைங்க ரூமைப் பின்னாடி புதுக் கட்டடத்துக்கு மாத்தறோம். பதினாறாம் தேதி" என்றார். நல்ல விஷயம்தான். இப்போதைய அறை ஷூ தைக்கும் ஹாலை ஒட்டி இருக்கிறது; தோல் தூசி, பசை நாற்றம். பின்னால் வேப்பமரமும் காற்றும் உண்டு.

மத்தியானம் சாப்பிடும்போது ஷஹீன் பானுவிடம் சொன்னேன். லைன் சூப்பர்வைசராகி இரண்டு மாதம்தான் ஆகிறது அவளுக்கு. சப்பாத்தியை அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

"இப்போ ஜன்னல்ல எட்டிப் பார்த்தா ஜோயா தெரியறா. அங்க போய்ட்டா நான் எப்படிக்கா பார்க்கறது? வேலைய விட்டுட்றேன்."

அவள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. ஜோயாவுக்குப் பத்து மாதம். போன மாதம் ஒரு ஷூ கொக்கியை வாயில் போட்டுக்கொண்டாள். ஜன்னல் வழியாகப் பார்த்து ஓடிப்போய் எடுத்தது ஷஹீன்தான்.

கம்பெனியில் கம்ப்யூட்டர், நெட் எல்லாம் பார்த்துக்கொள்வது நான்தான். என் வாய் சும்மா இருந்ததா? "கேமரா வெச்சு ஹால் டிவியில காட்டறேன். பதினாறாம் தேதி காலையில ஜோயா டிவியில இருப்பா" என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த மற்ற அம்மாக்களும் கேட்டுவிட்டார்கள்.

ஜூன் 4, புதன்

அளந்தேன். ஆபீஸிலிருந்து புதுக் கட்டடத்துக்கு இருநூற்று எண்பது மீட்டர். சாதாரண நெட் கேபிளுக்கு நூறு மீட்டர்தான் கணக்கு. முதலில் அளந்துவிட்டு அப்புறம் வாயைத் திறந்திருக்கலாம்.

ஜூன் 5, வியாழன்

வழி இருக்கிறது — ஃபைபர். முடியை விட மெல்லிய கண்ணாடி இழை, அதற்குள் ஒளி போகும். இரண்டு முனையிலும் மீடியா கன்வர்ட்டர் வைக்க வேண்டும். சோப்பு டப்பா அளவுப் பெட்டிதான். ஒன்று நெட் கேபிளில் வருவதை ஒளியாக்கி அனுப்பும், மற்றது அதைத் திரும்ப நெட் கேபிளுக்கு மாற்றிக் கொடுக்கும்.

மேனேஜர் ஒத்துக்கொண்டார். ஃபைபர் இழுக்க மட்டும் வேலூர் பிரேம்நாத்தைக் கூப்பிடலாம், பெட்டியை நானே வைக்கிறேன் என்றேன். மறுபடியும் வாய்.

ஜூன் 7, சனி

பக்ரீத் லீவு. வேலையைப் பற்றி எழுதுவதில்லை என்று முடிவு. எழுதவில்லை.

ஜூன் 12, வியாழன்

நேற்று பிரேம்நாத் வந்து ஃபைபர் இழுத்து, முனை கட்டி, டெஸ்ட் செய்து காட்டிவிட்டுப் போனார். இன்று என் வேலை.

புதுக் கட்டடத்தின் சாவி பக்கத்துத் தோல் கிடங்கு முஜாஹித் பாயிடம் இருக்கிறது. இருபத்திரண்டு வருடமாகத் தோல் ரகம் பிரிப்பவர். திறந்து விட்டவர் அங்கேயே நின்றார். ஃபைபர் முனையை அவர் கையில் கொடுத்து, "இதுக்குள்ள மட்டும் பார்க்காதீங்க பாய், கண்ணுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்கு ஓடினேன். அங்கே ஒரு பெட்டி, திரும்ப ஓடி வந்து இங்கே ஒரு பெட்டி. விளக்கு எரியவில்லை.

இந்த ஃபைபரில் இரண்டு இழை. ஒன்று அனுப்ப, ஒன்று வாங்க. இங்கே அனுப்புவதை அங்கே வாங்குகிற துளையில் செருக வேண்டும். நான் அனுப்புவதையும் அனுப்புவதையும் சேர்த்து வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் பேசுகிற மாதிரி, இரண்டு பக்கமும் பேச்சு, கேட்க ஆளில்லை. ஒரு முனையில் மட்டும் மாற்றிச் செருகினேன். பச்சை விளக்கு வந்தது.

வந்ததே ஒழிய நிலைக்கவில்லை. சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. படம் ஐந்து நொடி வருகிறது, உறைந்துவிடுகிறது.

ஜூன் 13, வெள்ளி

அடாப்டர் மாற்றினேன். பெட்டி மாற்றினேன். நெட் கேபிள் மாற்றினேன். அதே சிமிட்டல். பிரேம்நாத்துக்குப் போன் செய்து கத்தினேன். "டெஸ்ட் காட்டுனேன்ல மேடம், என் வேலை கரெக்டா இருக்குது" என்றார். அப்படியென்றால் நான்தான் தப்பா? மேலும் கத்தினேன்.

மத்தியானம் ஷஹீன் வந்தாள். டிபன் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துக் காட்டினாள். ராஜினாமாக் கடிதம். தேதி மட்டும் போடவில்லை. "உன்னால ஆவலன்னா சொல்லிடுக்கா, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

தப்பாக எடுத்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை. ரயிலில் அழுகை வந்தது.

ஜூன் 14, சனி

கண்டுபிடித்துவிட்டேன்!

காலையில் சாவி வாங்கக் கிடங்குக்குப் போனேன். முஜாஹித் பாய் தோலைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தோலின் மேலும் கட்டைவிரலை அழுத்தி ஒரு இழுப்பு, அப்புறம் ரகம். பேச்சுக்கு நடுவே, மாற்றிப் பார்க்க நான் கொண்டுவந்திருந்த புது ஃபைபர் துண்டை வாங்கினார், மூடியைக் கழற்றினார், முனையில் கட்டைவிரலை வைத்து அதே இழுப்பு.

"பாய், அன்னைக்கும் இப்படித்தான் செஞ்சீங்களா?"

"ஆமா. நல்ல வழவழப்பு. ஃபஸ்ட் கிளாஸ்."

"பாய்…"

"பார்க்கக் கூடாதுன்னுதானே சொன்னீங்கோ? பார்க்கலியே. தொடக் கூடாதுன்னு சொன்னீங்களா?"

சொல்லவில்லை. அது என் தப்பு. தோல் எண்ணெய் ஊறிய விரல் அந்த முனையில் பட்டால் ஒளி எப்படிப் போகும்? ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டுச் செருகினேன். பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து அதையே பார்த்தேன். முஜாஹித் பாய் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்.

பிரேம்நாத்திடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேடம். தோல் கம்பெனில இது ஜாஸ்தி" என்று சிரித்தார். இதை நேற்றே சொல்லியிருக்கலாம் மனுஷர். நான் எங்கே சொல்லவிட்டேன்?

ஜூன் 16, திங்கள்

எட்டரை மணிக்கு ஜோயா டிவியில் வந்தாள். முனியம்மாக்காவின் மடியில் உட்கார்ந்து அவர் மூக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அவர்தான். அம்மாக்கள் எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்கள், பத்து நிமிடம் லைன் நின்றது. கேமராவில் தாங்களும் தெரிவோம் என்று நினைத்து இரண்டு பேர் தலையை வாரிக்கொண்டார்கள்.

"அந்தக் கடுதாசியைக் கிழிச்சுட்டியா?" என்று ஷஹீனைக் கேட்டேன். "இருக்கட்டும்கா. கொஞ்ச நாள் பார்க்கலாம்."

ஜூன் 18, புதன்

ஒரு மணி நேரத்தில் ஷஹீன் டிவியைப் பார்த்தது இருபத்தாறு தடவை. மேனேஜர் என்னைப் பார்த்து முறைத்தது ஒரு தடவை.

ஜூலை 9, புதன்

பதினொரு மணிக்குத்தான் என் கம்ப்யூட்டரில் கவனித்தேன் — ஒன்பது மணியிலிருந்து கேமரா லைன் இல்லை. அந்த இருநூற்று எண்பது மீட்டரையும் ஓடினேன். பால் காய்ச்ச முனியம்மாக்கா பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிக் கெட்டிலைச் செருகியிருக்கிறார். "இன்னா கண்ணு, இவ்ளோ மூச்சு வாங்குது?" என்று எனக்கும் ஒரு டம்ளர் பால் கொடுத்தார். கெட்டிலுக்கு வேறு பிளக் காட்டிவிட்டு, திட்டு வாங்கத் தயாராக ஹாலுக்கு ஓடினேன்.

ஷஹீன் டிவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு புதுப் பெண்ணுக்குத் தையல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு மணி நேரமா டிவி வரல, தெரியுமா?"

"அப்படியா? கவனிக்கலியேக்கா."

"ஜோயா?"

"அவளுக்கு இன்னா? முனியம்மாக்கா இருக்காங்களே."

எவ்வளவு பாடுபட்டு வைத்த லைன், இரண்டு மணி நேரம் செத்துக் கிடந்தால் ஒருத்தரும் தேடவில்லை. கொஞ்சம் கோபம்தான் வந்தது. ஆனால் மத்தியானம் அவள் டிபன் பையைத் திறந்தபோது போய்விட்டது. ஊறுகாய் பாட்டில் ஒழுகும் என்று அடியில் ஒரு காகிதத்தை மடித்து வைத்திருந்தாள். அந்தக் கடிதம்தான். எண்ணெய் ஊறி எழுத்தெல்லாம் கலைந்துவிட்டது. நான் மாங்காய் மட்டும் இரண்டு துண்டு கேட்டு வாங்கினேன்.