படியேறும் வாக்கர் யாருடையது?

அன்புள்ள தம்பி சேவியருக்கு,

இன்று நவம்பர் இரண்டு. எனக்கு எழுபத்தொன்பது வயதும் நான்கு மாதமும் ஆகின்றன. கல்லறைத் திருநாள் ஆதலால் உன் கல்லறையில் பூவும் மெழுகுவர்த்தியும் வைத்துவிட்டுப் பிரேசர் டவுன் வீட்டுக்கு வந்துவிட்டேன். அழவில்லை. உன்னோடு ஒரு வழக்குப் பேச வேண்டியிருக்கிறது.

உன் மகள் ஸ்டெல்லா படியேறும் சக்கர நாற்காலி செய்து விற்கிறாள். காப்புரிமைக்கு விண்ணப்பித்த பிறகுதான் எனக்கே காட்டினாள். உன்னைப் பார்த்துக் கற்ற எச்சரிக்கை. அம்மாவுக்காக நீ செய்த படியேறும் வாக்கரை, விண்ணப்பிக்கும் முன்பே மாதா திருவிழாவில் கடை போட்டுக் காட்டினாய். அம்மா அதைப் பிடித்துக் கோயில் படி ஏறியதை ஊரே பார்த்தது. பிறகு நீ போய்ப் பார்த்த வக்கீல் சிரிக்காமல் கேட்டார்: "திருவிழாவுல எல்லாருக்கும் காட்டிட்டு, இப்ப புதுசுன்னு எழுதச் சொல்றீங்களே சார்?"

அடுத்த ஆண்டே பீன்யாவில் ஒரு கம்பெனி அதே வாக்கரை விற்றது. நீ பட்டறையை மூடினாய். சட்டம் உன்னைக் காத்திருந்தால் இன்னும் என்னென்ன செய்திருப்பாய்?

இப்போது ஆனேக்கல்லில் ஒரு பட்டறைக்காரர், சக்கரத்தை மட்டும் மாற்றி ஸ்டெல்லாவின் நாற்காலியை விற்கிறார். நேற்று வந்தாள்.

"வக்கீல் நோட்டீஸ் ரெடி, அத்தை. சும்மா விட்டா என் கம்பெனிய மூட வேண்டியதுதான்."

"அவர் நாற்காலில உக்காந்து பாத்தியா?"

"திருடன் வீட்டுல போய் உக்காரவா? நீங்க யார் கட்சி?"

"முட்டி வலிக்கிறவங்க கட்சி."

அவள் சிரிக்கவில்லை. அவள் கோபம் நியாயமானது. காப்புரிமை இல்லையென்றால் எவரும் துணிந்து புதிதாகச் செய்யமாட்டார்கள் என்றுதான் கல்லூரியில் பொருளாதாரம் நடத்திய நாளெல்லாம் நானும் சொன்னேன். ஆனால் அந்தச் சக்கரம் உண்மையிலேயே மேலானதாக இருந்தால்? அதைச் சட்டத்தால் நிறுத்திவிட்டு, படியடியில் நிற்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது? உரிமம் கொடுத்து அவரையும் செய்யவிடலாம் அல்லவா?

சனிக்கிழமை அவளை ஆனேக்கல்லுக்கு அழைத்துப்போய், அந்த நாற்காலியில் நானே உட்கார்ந்து படியேறிப் பார்ப்பேன். நோட்டீஸைப் பற்றிய முடிவு அதன் பிறகே. உனக்கு நான் தரும் வாக்கு இது.

ஏன் இந்தப் பிடிவாதம் என்பாய். உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. உன் வாக்கரின் கால்களைப் பிடித்து நிறுத்தும் பூட்டு, படி இறங்கும்போது நழுவும். அம்மா இருமுறை விழப் பார்த்தாள். பீன்யாக்காரர்கள் அதைச் சரிசெய்திருந்தார்கள். கடைசிவரை அம்மா பிடித்து நடந்தது அவர்களுடைய வாக்கரைத்தான். உனக்குத் தெரியாதிருக்க, அதற்கு உன்னுடையதைப் போலவே பச்சைப் பெயின்ட் அடித்தவளும் அவளேதான்.

உன்னைத் தூக்கி வளர்த்த அக்கா,
ரோஸ்லின்