துவைத்த சால்வை

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். உன் முதுகுவலி குறைந்ததா? நான் நலமாக இருக்கிறேன்.

ஒரு வருடமாக நான் பார்த்துக்கொண்ட குண்டுப் பயலை வெளிநாட்டுத் தம்பதி தத்தெடுத்துவிட்டார்கள். புது அம்மாவின் வாசனை பழக, அவர் போர்த்திய சால்வையை முன்பே வரவழைத்துத் தொட்டிலில் விரிப்பது எங்கள் குழந்தைகள் இல்லத்தின் வழக்கம். நான் வளர்த்த பிள்ளை தத்துப் போவது இதுதான் முதல் தடவை; அது தெரியாமல், அழுக்காக இருக்கிறதே என்று சோப்புப் போட்டுத் துவைத்துவிட்டேன்.

"அடிப்பாவி, அம்மாவையே அலசி ஊத்திட்டியேடி!" என்று வார்டன் அக்கா தலையில் அடித்துக்கொண்டே சிரித்தார். "அவங்க வந்தா நீ அவன் கண்ணுல படாதே. உன்னைப் பார்த்தா அவங்ககிட்ட ஒட்டமாட்டான்."

அவர்கள் வந்த நாளிலிருந்து சமையலறையிலேயே இருந்தேன். இரண்டு நாள் அவன் அழுகை கேட்டது. மூன்றாம் நாள் கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். அந்த அம்மாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். நல்லதுதானே அம்மா?

தலைக்கு எண்ணெயும், என் பழைய பச்சைப் பாவாடையும் அனுப்பு. போனில் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடு. பதினேழு வயதிலேயே இங்கே எல்லோருக்கும் நான் ஆயா.

புதிதாக வந்த பாப்பா அழுகிறது. நான் தூக்கினால்தான் அடங்கும். கடிதத்தை முடிக்கிறேன்.

உன் மகள்